குடும்ப செடான்களை மூடிய டிராக்கில் ஓட்டி ஒப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஷோரூமிலிருந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் ஏசி குளிர்கிறதா, சீட் மெத்தென்று இருக்கிறதா, ஸ்டீயரிங் லேசாகத் திரும்புகிறதா என்பது தெரியும். குறுக்கே எதுவோ வந்து பிரேக்கை முழுக்க மிதித்தால் கார் எங்கே போய் நிற்கும், பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறையச் சாமானும் இருக்கும்போது சட்டென்று ஒடித்தால் பின்பக்கம் என்ன செய்யும் என்பது தெரியாது. அதற்கு வேறு வண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத மூடிய இடம் வேண்டும்.

இடம் கிடைத்துவிட்டால் மட்டும் ஒப்பீடு உருப்படியாகிவிடாது. ஒரே காரை ஒரே ஆள் மூன்று முறை நிறுத்தினாலே மூன்று வெவ்வேறு தூரம் வரும். இரண்டு கார்களுக்கு இடையே உள்ள வித்தியாசம், ஒரே காருக்குள் வரும் அந்த ஏற்ற இறக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால்தான் அது வித்தியாசம். கீழே சொல்லப்படும் டயர் காற்று, ஓட்டும் வரிசை, அளக்கும் முறை எல்லாமே அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கத்தான்.

முதலில், எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

‘நடுத்தர அளவு செடான்’ என்ற பெயர் ஊருக்கு ஊர் வேறு. சில சந்தைகளில் ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா போன்ற சுமார் 4.5 மீட்டர் நீளக் கார்களை அப்படிச் சொல்கிறார்கள். வேறு சந்தைகளில் டொயோட்டா கேம்ரி, ஹோண்டா அக்கார்ட், ஹூண்டாய் சொனாட்டா என 4.9 மீட்டரை ஒட்டிய கார்கள்தான் அந்த வகை. எந்த வகை என்பது முக்கியமில்லை, இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

மாடல் பெயரைவிட டிரிம் (ஒரே மாடலுக்குள் வசதியைப் பொறுத்து மாறும் வகை) முக்கியம். அதே காரின் கீழ் டிரிம்மில் 16 அங்குல வீலும் மேல் டிரிம்மில் 18 அங்குல வீலும் இருக்கலாம். டயர் மாறினால் பிரேக் தூரம், சத்தம், பள்ளத்தில் விழும் அடி எல்லாம் மாறும். வாங்கப்போவது எந்த டிரிம்மோ அதைத்தான் டிராக்குக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு காரில் மைலேஜுக்காகச் செய்த கெட்டியான டயரும் இன்னொன்றில் பிடிப்புக்காகச் செய்த மென்மையான டயரும் இருந்தால், பிரேக் சோதனையில் பாதிக்கு மேல் டயரைத்தான் சோதிக்கிறீர்கள். கம்பெனியிலிருந்து அப்படித்தான் வருகிறது என்றால் தப்பில்லை, ஆனால் குறிப்பேட்டில் டயரின் பெயரையும் சைஸையும் எழுதிவிடுங்கள்.

மூன்று கார் போதும். நான்காவது வந்தால் ஒரே நாளில் முடியாது. இரண்டு நாளாக்கினால் வெயிலும் காற்றும் மாறி எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும்.

இடமும் ஆட்களும்

500 முதல் 600 மீட்டர் நேர்ப்பாதை இருந்தால் எல்லாச் சோதனைகளையும் செய்துவிடலாம். கணக்கு இதுதான்: இந்த வகைக் கார் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 120 கி.மீ. எட்ட 200 மீட்டருக்கு மேல் ஓடும். அந்த வேகத்திலிருந்து முழு பிரேக்கில் நிற்க 65 மீட்டர் வரை பிடிக்கும். மீதி, ஏதாவது தவறினால் ஓடி அடங்குவதற்கு. பக்கவாட்டில் கம்பம், சுவர், பள்ளம், மரம் எதுவும் 15 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. வட்டம் போட 80 மீட்டருக்கு 80 மீட்டர் தட்டையான சதுரம் தேவை.

தளம் பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தால் போதாது. 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் கண்ணுக்கே தெரியாது, ஆனால் 0-100 நேரத்தில், அதாவது நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. எட்டும் நேரத்தில், கால் விநாடியைத் தின்றுவிடும். அதனால் நேர்ப்பாதைச் சோதனை எதுவானாலும் இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். எதிர்க்காற்றின் தொல்லையும் இதிலேயே பெருமளவு அடிபட்டுவிடும். ஓட்டத் தொடங்கும் முன் மணல், சிறுகற்கள், எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று முழுப் பாதையையும் நடந்தே பாருங்கள். பிரேக் பிடிக்கும் இடத்தைக் கட்டாயம் பெருக்க வேண்டும். ஒரு கைப்பிடி மணல் ஒரு மீட்டர் தூரத்தைக் கூட்டிவிடும்.

குறைந்தது மூன்று பேர் வேண்டும்: ஓட்டுபவர், குறிப்பெடுப்பவர், பாதையைக் குறிக்க வைக்கும் பிளாஸ்டிக் கோன்களைக் கவனிப்பவர். டிராக்கில் எப்போதும் ஒரே கார்தான் ஓட வேண்டும். கோன் எடுத்துவைக்க ஆள் உள்ளே போனால், அவர் வெளியே வந்து கை காட்டும்வரை கார் நியூட்ரலில் நிற்க வேண்டும். தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, எல்லோருக்கும் தண்ணீர் இருக்கட்டும். இன்ஷூரன்ஸ் பத்திரத்தை முன்கூட்டியே எடுத்துப் படியுங்கள். நேரம் குறித்து ஓட்டுவதற்கும் டிராக்கில் ஓட்டுவதற்கும் இழப்பீடு கிடையாது என்ற வரி பல பாலிசிகளில் இருக்கும். கார் உங்களுடையது இல்லையென்றால், என்னென்ன சோதனை செய்யப்போகிறோம் என்று எழுதிக்கொடுத்து ஒப்புதல் வாங்குவது நல்லது.

காரைத் தயார் செய்தல்

காலையில், கார் ஓடுவதற்கு முன், நான்கு டயரிலும் காற்று பாருங்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் சரியான அளவு. டயர் சைட்வாலில் அச்சிட்டிருப்பது டயர் தாங்கும் உச்ச அளவு, அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாக் கார்களுக்கும் ஒரே கேஜ் பயன்படுத்துங்கள். டயர் 10 டிகிரி சூடானால் அழுத்தம் 1.5 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறும். மதியம் பார்த்தால் காலையில் வைத்த 33, 37-ஆக இருக்கும். பதறிப்போய்க் காற்றை இறக்கிவிடாதீர்கள். குளிர்ந்த நிலையில் வைத்தது வைத்ததுதான்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு காரில் புது டயரும் இன்னொன்றில் ஐந்து வயது டயரும் இருந்தால் ஒப்பீட்டை அங்கேயே நிறுத்திவிடலாம். முற்றிலும் புதிய டயரும் தொல்லைதான், மேல்பூச்சு தேயும்வரை முழுப் பிடிப்பு வராது. சில நூறு கி.மீ. ஓடிய கார்களாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.

எரிபொருளை எல்லாக் கார்களிலும் ஒரே அளவில் வையுங்கள். 50 லிட்டர் பெட்ரோல் சுமார் 37 கிலோ. ஒன்றில் முழு டேங்க், இன்னொன்றில் கால் டேங்க் என்றால் கிட்டத்தட்ட அரை ஆள் எடை வித்தியாசம். ஹைபிரிட் கார் என்றால் பேட்டரி இருப்பையும் குறிக்க வேண்டும். பேட்டரி நிறைந்திருக்கும்போது வரும் பிக்கப், நான்கு முறை வேகமாக ஓட்டிய பிறகு வராது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் திரையில் அதே அளவு காட்டும்வரை காத்திருங்கள்.

காருக்குள் உருளக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில் பெடலுக்கு அடியில் போய் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பாட்டிலைவிட ஆபத்தானது, கம்பெனி மேட்டின் மேல் போட்டிருக்கும் இன்னொரு மேட். எடுத்து வெளியே போடுங்கள். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். ஸ்டெப்னியும் ஜாக்கியும் ஆடாமல் கட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

டிரைவ் மோடு எல்லாக் கார்களிலும் நார்மல். காரைத் தானாகவே தன் வரிசைக்குள் திருப்பும் லேன் கீப் அசிஸ்டை அணைத்துவிடுங்கள், கோன்களுக்கு நடுவே ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டும். தானியங்கி அவசர பிரேக் கோனைப் பார்த்துத் திடீரென்று பிடிக்கலாம் என்பதால் அதையும் அணையுங்கள். ஆனால் கார் சறுக்காமல் காக்கும் இஎஸ்சியைத் தொடவே கூடாது. குடும்பக் காரை யாரும் அதை அணைத்துவிட்டு ஓட்டுவதில்லை.

அளக்கும் கருவி

ஸ்பீடோமீட்டரை நம்பி ஒப்பிட முடியாது. ஐ.நா. விதி 39-இன்படி அது உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது, ஆனால் பத்து சதவீதமும் கூடவே 4 கி.மீ.யும் வரை அதிகமாகக் காட்டலாம். உண்மையில் 100-இல் போகும் கார் 114 வரை காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். இரண்டு கார்களின் முள்ளும் 100-ஐத் தொட்டபோது பிரேக் பிடித்தோம் என்றால், இரண்டும் ஒரே வேகத்தில் இருந்தன என்று அர்த்தமில்லை.

வேகத்தையும் இடத்தையும் விநாடிக்கு 10 முறையாவது பதியும் ஜிபிஎஸ் லாகர் என்ற கருவி வேண்டும். சாதாரண போன் ஜிபிஎஸ் பெரும்பாலும் விநாடிக்கு ஒரு முறைதான் பதிகிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்குள் கார் 27.8 மீட்டர் ஓடிவிடும். 40 மீட்டரில் முடியும் பிரேக் சோதனையை அதை வைத்து எப்படி அளப்பது? 10 முறை பதியும் கருவியில் இடைவெளி 2.8 மீட்டராகக் குறையும், நடுவில் உள்ளதைக் கருவியே கணக்கிட்டு நிரப்பும். லாகரை எல்லாக் கார்களிலும் ஒரே இடத்தில், வானம் தெரியும்படி முன் கண்ணாடிக்கு அடியில் ஒட்டுங்கள்.

‘கோன் வைத்து, அது வந்ததும் பிரேக் பிடித்து, நின்ற இடம்வரை டேப்பில் அளக்கலாமே’ என்று தோன்றும். ஓட்டுபவரின் கால் 0.2 விநாடி முந்தினாலும் பிந்தினாலும் ஐந்தரை மீட்டர் போய்விடும். கார்களுக்கு இடையே உள்ள உண்மை வித்தியாசமே அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

ஓட்டும் வரிசை

கார்களை அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம். அ-வில் எல்லாச் சோதனையும் முடித்து, பிறகு ஆ, பிறகு இ என்று போனால், இ எப்போதும் சூடான தளத்தில், கை பழகிய ஓட்டுநரோடு ஓடும். அது நியாயமில்லை. ஒவ்வொரு சோதனையையும் அ-ஆ-இ, உடனே இ-ஆ-அ என்று திருப்பிச் செய்யுங்கள். நேரம் போகப்போக வரும் மாற்றம் மூன்று காருக்கும் சமமாகப் பங்காகிவிடும். ஓட்டுபவர் கடைசிவரை ஒருவரே. முதல் காரின் பிரேக் சோதனையை மட்டும் நாளின் முடிவில் இன்னொரு முறை செய்யுங்கள். காலையில் வந்த எண்ணிலிருந்து அது எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ, அந்த அளவுக்குக் குறைவான எந்த வித்தியாசத்தையும் நம்பாதீர்கள்.

சோதனை 1: பிரேக்

இதில் அவசரப்படாதீர்கள். குடும்பக் காரில் இதைவிட முக்கியமான எண் கிடையாது.

முதலில் டயரையும் பிரேக்கையும் சூடேற்றுங்கள்: 5 கி.மீ. ஓட்டம், நடுவில் மணிக்கு 60-லிருந்து மூன்று மிதமான நிறுத்தம். குளிர்ந்த டயரில் பிடிக்கும் முதல் பிரேக் பெரும்பாலும் நீளமாகத்தான் வரும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நேர்ப்பாதையில் 105 வரை ஏற்றி, ஆக்சிலரேட்டரை விட்டு, வேகம் 100-ஐ நெருங்கும்போது பிரேக்கை ஒரே மிதியாக, முழுப் பலத்தோடு, தரையோடு நசுக்குவது போல் மிதியுங்கள். பாதத்துக்கு அடியில் படபடவென்று அதிரும், கடகடவென்று சத்தமும் வரும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று பொருள். முதல் முறை ஓட்டுபவர்களில் பலர் அந்த அதிர்வுக்குப் பயந்து காலை லேசாக எடுத்துவிடுவார்கள். பதிவில் அது தெளிவாகத் தெரியும்: வேகக் கோடு நேராக இறங்காமல் நடுவில் வளைந்திருக்கும். அந்த ஓட்டத்தைத் தள்ளிவிட்டு மறுபடி செய்யுங்கள். கியர் டி-யிலேயே இருக்கட்டும். மேனுவல் என்றால் கிளட்சையும் சேர்த்து மிதியுங்கள். கார் முற்றிலும் நிற்கும்வரை ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும்.

சரியாக 100-இல் யாராலும் தொடங்க முடியாது, திருத்தம் தேவை. தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் 100-ஐ உண்மை வேகத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, அளந்த தூரத்தால் பெருக்குங்கள். 102-இல் தொடங்கி 41.6 மீட்டரில் நின்றிருந்தால், திருத்திய தூரம் 40.0 மீட்டர். வேகத்தில் 2 கி.மீ. பிசகு தூரத்தில் 1.6 மீட்டர். திருத்தாமல் ஒப்பிட்டால் நல்ல கார் தோற்றுவிடும்.

நின்றதும் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்காதீர்கள், பார்க்கிங் பிரேக்கும் போடாதீர்கள். சூடான பேடு டிஸ்கின் ஒரே இடத்தில் ஒட்டி, அங்கே ஒரு படலம் படிந்துவிடும். அடுத்த நாளிலிருந்து பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். உடனே கிளம்பி, 2 கி.மீ. பிரேக் தொடாமல் ஓட்டிக் குளிரவையுங்கள். காருக்கு ஆறு நிறுத்தம், மூன்று ஒரு திசை, மூன்று எதிர்த்திசை.

எண் எவ்வளவு வர வேண்டும்? காய்ந்த, நல்ல தளத்தில் 0.9 ஜி (1 ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) வேகக் குறைப்புக்கு 43.7 மீட்டரும், 1 ஜி-க்கு 39.3 மீட்டரும் ஆகும். சாதாரண டயருள்ள செடான் இதைச் சுற்றித்தான் இருக்கும். இப்போது, எடுத்துக்காட்டுக்காக, அ காருக்கு 39.8, 40.3, 40.9 என்றும் ஆ காருக்கு 40.1, 40.6, 41.0 என்றும் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரியில் அ முந்துகிறது. ஆனால் அ காரின் சொந்த ஏற்ற இறக்கமே 1.1 மீட்டர், இரண்டு சராசரிக்கும் இடையில் இருப்பதோ கால் மீட்டர்கூட இல்லை. இது சமம். ‘அ பிரேக்கில் சிறந்தது’ என்று எழுதினால் பொய்.

அடுத்தது சூடு தாங்கும் சோதனை. குளிரவைக்கும் ஓட்டம் இல்லாமல், அடுத்தடுத்து எட்டு முறை 100-லிருந்து நிறுத்துங்கள். 1,600 கிலோ கார் ஒருமுறை நிற்கும்போது டிஸ்குகளில் இறங்கும் சக்தி சுமார் 617 கிலோஜூல். எட்டு முறைக்கு ஐந்து மெகாஜூலை நெருங்கிவிடும். இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கவனியுங்கள். பெடல் கெட்டியாகவே இருந்து கார் மட்டும் நிற்க மறுத்தால், பேடு சூட்டில் பிடிப்பை இழக்கிறது. பெடலே பஞ்சு போல் ஆழமாக இறங்கினால், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடுகிறது. இரண்டாவது நடந்தால் சோதனையை அந்த நொடியே நிறுத்துங்கள். அதற்காகக் காரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், ஆயில் பழசாக இருக்கலாம். டாட் 4 வகை பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 டிகிரிதான்.

ஹைபிரிட் காரில் இன்னொன்றும் பாருங்கள். மெதுவான வேகத்தில் நிறுத்தும்போது மோட்டார் பிரேக்கிலிருந்து பேடு பிரேக்குக்கு மாறும் இடத்தில் கார் ஒரு சின்னக் குலுக்கு குலுக்குகிறதா? மணிக்கு 30-லிருந்து மென்மையாகப் பத்து முறை நிறுத்தினால் தெரிந்துவிடும். தினமும் நெரிசலில் ஓட்டுபவருக்கு 0-100 நேரத்தைவிட இதுதான் முக்கியம்.

சோதனை 2: திடீர் விலகல்

எதிரே குறுக்கிட்டதைத் தவிர்த்து ஒடித்து, மறுபடி பழைய வரிசைக்குத் திரும்பும் சோதனை. ‘மூஸ் டெஸ்ட்’ என்று பெயர் பெற்றது. 1997-இல் ஒரு சுவீடன் கார் பத்திரிகையின் இத்தகைய சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்தக் காரில் மின்னணு நிலைப்படுத்தியை (மேலே சொன்ன இஎஸ்சி) எல்லா டிரிம்மிலும் கொடுத்தார்கள்.

ஐஎஸ்ஓ 3888-2 தரத்தின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மொத்த நீளம் 61 மீட்டர்: நுழையும் பாதை 12, இடைவெளி 13.5, விலகும் பாதை 11, இடைவெளி 12.5, வெளியேறும் பாதை 12 மீட்டர். பாதைகளின் அகலம் காரின் அகலத்தைப் பொறுத்தது. கண்ணாடிகளைச் சேர்க்காமல் 1.84 மீட்டர் அகலமுள்ள காருக்கு நுழையும் பாதை 1.1 மடங்கும் கூட 0.25 மீட்டரும், அதாவது 2.27 மீட்டர். விலகும் பாதை கார் அகலத்தோடு 1 மீட்டர், அதாவது 2.84 மீட்டர். வெளியேறும் பாதைக்கு 3 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நுழையும் பாதையின் ஓரத்துக்கும் விலகும் பாதையின் அருகோரத்துக்கும் நடுவே பக்கவாட்டில் 1 மீட்டர். கார் மாறும்போது அகலத்தை மாற்ற வேண்டும், நீளத்தைத் தொடக் கூடாது. ஒவ்வொரு கோன் இருக்கும் இடத்திலும் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுவிடுங்கள். அடிபட்டுப் பறந்த கோனைத் திரும்ப வைக்கும்போது பத்து சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலே சோதனை வேறாகிவிடும்.

ஓட்டும் முறை: நிலையான வேகத்தில் நுழைந்து, முதல் பாதையில் 2 மீட்டர் உள்ளே வந்ததும் ஆக்சிலரேட்டரை முழுதாக விடுங்கள். அதன்பின் வெளியேறும்வரை ஆக்சிலரேட்டரும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. ஸ்டீயரிங் மட்டும்தான். நுழையும்போது இருந்த வேகம்தான் முடிவு. 50-இல் தொடங்கி மும்மூன்று கி.மீ.யாக ஏற்றுங்கள். ஒரு கோன் தொட்டாலும் அந்த வேகம் தோல்வி. ஒரே வேகத்தில் இரண்டு முறை தோற்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த அமைப்பில் 70-ஐச் சுத்தமாகத் தாண்டும் செடான் நல்ல செடான்.

வேகத்தைவிட, தோற்கும்போது எப்படித் தோற்கிறது என்று பாருங்கள். முன்சக்கரம் பிடிப்பை இழந்து கார் நேராகவே போய்க் கோனைச் சாய்த்தால், அது ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரியும். வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். திரும்பி வரும் இரண்டாவது ஒடிப்பில் பின்பக்கம் வாலை ஆட்டினால், பழகாதவர் கையில் அது கார் சுற்றிவிடும் நிலை. இஎஸ்சி எப்போது கைகொடுக்கிறது என்பதையும் டேஷ்போர்டு விளக்கை வீடியோ எடுத்துப் பாருங்கள். ஒரு காரில் அது சன்னமாகத் தட்டிக்கொடுக்கும். இன்னொன்றில் சட்டென்று ஒரு சக்கரத்தைப் பிடித்து இழுக்கும்.

வெளியே நிற்பவர் போனில் ஸ்லோ மோஷன் எடுக்கட்டும். உள்பக்கப் பின்சக்கரம் தரையிலிருந்து எழும்புகிறதா என்பது வேறு எப்படியும் தெரியாது. கோனிலிருந்து 30 மீட்டருக்குக் கிட்டே அவர் நிற்கக் கூடாது. கார் போகும் திசைக்கு நேராக நிற்கவே கூடாது.

சோதனை 3: வட்டமும் ஸ்லாலமும்

30 மீட்டர் ஆரத்தில் கோன் வைத்து, வேகத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டே சுற்றுங்கள். முன்பக்கம் வெளியே நழுவத் தொடங்கும் வேகத்தில் ஒரு சுற்றின் நேரத்தை எடுங்கள். 39.48-ஐ ஆரத்தால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்து, 9.81-ஆல் வகுத்தால் பக்கவாட்டுப் பிடிப்பு ஜி-யில் கிடைக்கும். 30 மீட்டர் ஆரம், 12 விநாடி என்றால் 0.84 ஜி. ஆரம் என்பது காரின் நடுக்கோடு ஓடும் வட்டத்தின் ஆரம். கோன் நிற்கும் வட்டத்தின் ஆரத்தைப் போடுவதுதான் வழக்கமான தப்பு. கார் கோனிலிருந்து ஒரு மீட்டர் வெளியே ஓடினால் உண்மையில் அது 0.87 ஜி. இடஞ்சுழி மூன்று, வலஞ்சுழி மூன்று.

ஸ்லாலம், அதாவது வரிசையான கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டுவது, பார்க்க அழகு, ஒப்பீட்டுக்கு அவ்வளவு உதவாது. ஓட்டுநரின் கைத்திறனைத்தான் அதிகம் அளக்கிறது. 18 மீட்டர் இடைவெளியில் ஏழு கோன் வைத்து, நேரத்துக்காக அல்ல, காரின் உடல் எவ்வளவு சாய்கிறது, ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் எவ்வளவு சீக்கிரம் நிமிர்கிறது என்று பார்க்க ஓட்டுங்கள்.

சோதனை 4: பிக்கப்

0-100 நேரம் எல்லோரும் கேட்பது, அதனால் எடுத்துவிடுங்கள்: ஐட்லிங்கிலிருந்து, பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கும் வித்தை எதுவும் இல்லாமல். பத்திரிகை எண்ணோடு ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். சில பத்திரிகைகள் கார் முதல் ஓரடி நகர்ந்த பிறகுதான் நேரத்தைத் தொடங்கும். அதிலேயே 0.3 விநாடி அளவுக்குக் குறைந்துவிடும்.

குடும்பத்தோடு போகும்போது உதவுவது 80-லிருந்து 120. லாரியை முந்தும் வேகம் அது. டி-யில் நிலையாக 80-இல் போய், ஒரே மிதியாக முழுக்க மிதியுங்கள். மிதித்த நொடிக்கும் கார் பாயும் நொடிக்கும் நடுவில் ஒரு தயக்கம் வரும். கியர்பாக்ஸ் இரண்டு மூன்று கியர் இறங்கவும் டர்போ மூச்சுப் பிடிக்கவும் ஆகும் நேரம். படிப்படியான கியர் இல்லாத சிவிடி கியர்பாக்ஸ் என்றால் எஞ்சின் அலறும், கார் பிறகுதான் வரும். அந்தத் தயக்கத்தையும் சேர்த்தே நேரம் எடுங்கள். டர்போ கார் நான்கைந்து ஓட்டத்துக்குப் பிறகு சூட்டில் கொஞ்சம் மந்தமாகும், நடுவில் பானட்டைத் திறந்து ஆறவிடுங்கள்.

சோதனை 5: பாரம் ஏற்றி

பெரும்பாலான ஒப்பீடுகள் செய்யாமல் விடுவது இதுதான், செய்ய வேண்டியதும் இதுதான். 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. முன் பயணி இருக்கையில் மூன்று, பின் சீட்டில் ஒன்பது, டிக்கியில் இரண்டு, மொத்தம் 280 கிலோ. ஓட்டுநரோடு சேர்த்துக் கதவு ஸ்டிக்கரில் உள்ள அதிகபட்சப் பாரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேன்களை விளிம்புவரை நிரப்புங்கள், பாதி நிரம்பிய கேன் உள்ளே அலைமோதும். சீட் பெல்ட்டாலும் பட்டையாலும் அசையாமல் கட்டுங்கள். ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்குத் தனி அளவு கொடுத்திருந்தால் அந்தக் காற்றை வையுங்கள்.

பின் ஃபெண்டர் விளிம்பிலிருந்து தரை வரை, ஏற்றும் முன்னும் பின்னும் அளங்கள். பிறகு பிரேக்கை மூன்று முறையும், திடீர் விலகலைக் காலியாக வென்ற வேகத்திலிருந்து 10 கி.மீ. குறைத்துத் தொடங்கியும் செய்யுங்கள். காலியாக ஓட்டும்போது இறுக்கமாகத் தெரிந்த சஸ்பென்ஷன் பாரத்தோடு நன்றாக அமர்ந்துகொள்ளலாம். காலியாக மெத்தென்று மிதந்தது, பாரத்தோடு வேகத்தடையில் அடி தட்டலாம். கார்களின் வரிசையே இங்கே தலைகீழாக மாறினாலும் ஆச்சரியமில்லை.

சோதனை 6: பின் சீட்டில் உட்கார்ந்து

ஓட்டுபவர் தன் உயரத்துக்கு முன் சீட்டைச் சரிசெய்துவிட்டு, அதே சீட்டுக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும். முட்டிக்கும் முன் சீட் முதுகுக்கும் உள்ள இடைவெளி, தலைக்கு மேல் உள்ள இடைவெளி, தொடைக்கு அடியில் மெத்தை எவ்வளவு தாங்குகிறது ஆகியவற்றைக் குறியுங்கள். தொடை தாங்காத சீட்டில் முட்டி இடம் எவ்வளவு இருந்தும் ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். ஏறி இறங்கும்போது தலை இடிக்கிறதா என்று பாருங்கள், கூரை பின்னோக்கிச் சரியும் கார்களில் இது பெரிய குறை. நடுவில் உட்காருபவருக்குத் தரையில் எழும்பும் மேடு எவ்வளவு உயரம்? குழந்தை இருக்கையை, அதற்கென்றே சீட்டில் இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டிப் பார்த்து நேரம் குறியுங்கள்.

பிறகு 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரப்பட்டையைத் தரையில் பதித்து, மணிக்கு 20-இலும் 40-இலும் கடக்கச் சொல்லுங்கள். முதலில் இரண்டு சக்கரமும் சேர்ந்து, பிறகு ஒரு பக்கச் சக்கரம் மட்டும். ஒரு ‘தொம்’மோடு முடிகிறதா, அதன்பின் இன்னொரு ஆட்டமும் தொடர்கிறதா என்பதுதான் கேள்வி. மதிப்பெண்ணைப் பின் சீட்டில் இருப்பவர்தான் போட வேண்டும், ஓட்டுபவர் அல்ல.

சத்தம்: ஏசி ஃபேனை 1 என்ற எண்ணில் வைத்து, கண்ணாடிகள் மூடி, 80-இல் நிலையாக ஒரு முறை, அதே வேகத்தில் நியூட்ரலில் உருளவிட்டு ஒரு முறை. இரண்டாவதில் எஞ்சின் சத்தம் கழிந்து டயரும் காற்றும் மட்டும் மிஞ்சும். போன் செயலி காட்டும் டெசிபல் அப்படியே சரியாக இருக்காது. ஆனால் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்தால் கார்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். 3 டெசிபல் காதுக்குத் தெரியும். அரை டெசிபலைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

டிக்கியின் லிட்டர் கணக்கோடு நிற்காமல், வீட்டில் இருக்கும் பெரிய பெட்டியையே கொண்டுவந்து வையுங்கள். வாய் குறுகலாக இருந்தால் 500 லிட்டர் இருந்தும் பெட்டி உள்ளே போகாது. மூடியின் வளைந்த கீல்கள் உள்ளே இறங்கிச் சாமானை நசுக்கும் கார்களும் உண்டு.

மதிப்பெண்

எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை ஓட்டும் முன்பே எழுதிவிடுங்கள். ஓட்டிய பிறகு எழுதினால், மனசுக்குப் பிடித்த கார் ஜெயிக்கும்படி கை தானாகவே பிரித்துவிடும். ஒரு தொடக்கம்: பிரேக்கும் விலகலும் 30 (அதில் பாதி பாரத்தோடு), பின் சீட்டும் சொகுசும் 30, சத்தம் 10, 80-120 பிக்கப் 10, டிக்கி 10, ஓட்டுநர் இருக்கையிலிருந்து வெளியே தெரியும் பார்வையும் பொத்தான்களின் வசதியும் 10. தனியாக ஓட்டுபவருக்கு இது பொருந்தாது, மாற்றிக்கொள்ளுங்கள். சமம் என்று வந்ததற்குச் சம மதிப்பெண்தான், தசமப் புள்ளி போட்டுப் பிரிக்காதீர்கள்.

இரவில் ஹெட்லைட் வெளிச்சம், இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு சீட், நெரிசலில் மைலேஜ் இவற்றை டிராக் சொல்லாது. முதலிரண்டு இடத்தில் வந்த கார்களை மட்டும் சாலையில் ஒரு மாலையும் இரவும் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன்

கடைசி ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு காரையும் 4 கி.மீ. மெதுவாக, பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டுங்கள். நிறுத்தியபின் பார்க்கிங் பிரேக் போடாமல், பி-யில் வைத்து, சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுங்கள். நான்கு டயரின் தோள்பகுதியையும் கையால் தடவிப் பாருங்கள். வட்டச் சோதனையில் முன் டயரின் வெளி விளிம்புதான் அதிகம் தேயும். ரப்பர் பெயர்ந்திருந்தால் படம் எடுத்துவையுங்கள். சூடு ஆறிய மறுநாள் காலை காற்றைப் பழைய அளவுக்கு வையுங்கள், வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். அணைத்துவைத்த அவசர பிரேக்கும் லேன் கீப்பும் திரும்ப ஆனில் இருக்கின்றனவா என்று மெனுவைத் திறந்து பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்.